கையெழுத்துப் போட்ட படம்

மார்ச் 15, ஞாயிறு. மோர்டன், லண்டன்.

அமெரிக்காவில் அகதிகளைப் பிடித்து விமானத்தில் ஏற்றுகிறார்கள். அதற்காக ஒரு ஹொலிவூட் நடிகை விருது மேடையில் அழுதாள். கண்மை மட்டும் கலையவில்லை. மகள் ஃபோனில் காட்டினாள்.

“அப்பா, இவவுக்கு எங்களைப் போல ஆக்களில எவ்வளவு இரக்கம் பாருங்கோ.”

“ஓம் பிள்ளை” என்றேன்.

வன்னியில் போர் முடிந்த கையோடு, தம்பியைக் காணவில்லை, எங்களுக்காக ஒரு வார்த்தை பேசுங்கள் என்று இவளுக்குத்தான் கடிதம் எழுதினேன். பிரதியைப் பார்த்தால் மனம் இரங்காது என்று, எங்களிடம் இருந்த அவனுடைய ஒரே படத்தையே உள்ளே வைத்தேன். பதிலுக்குத் தன் படத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

அதை இன்னும் எறியவில்லை. தம்பியின் படத்துக்குப் பதிலாக வந்தது அது ஒன்றுதான்.