அகலேரியிலிருந்து திரும்பிய பொற்கிண்ணம்

அகலேரி சூழ்ந்த வெண்கரை நாட்டை ஆளும் அரசி நெய்தலங்கண்ணி, மலைவாய் நாட்டு மன்னரும், நுரையாற்றின் தலைமடையைக் கைக்கொண்டவரும், நம் தாயுடன் பிறந்த அம்மானுமாகிய கடுமானார்க்கு விடுத்த ஓலை. உமது மதில் நிற்க. உமது களஞ்சியம் நிறைக. இவ்வோலையைக் கேட்டு முடியும் வரையேனும் உமது செவியும் நெஞ்சும் நலமாயிருக்க.

நுரையாற்றுக்குக் குறுக்கே நீர் கற்சிறை எழுப்பி ஆற்றை அடைத்தீர். வரத்து நின்ற அகலேரி வெயிலில் வற்றி, உப்பும் சவுட்டுமண்ணின் காரமும் ஏறி, தொட்ட கை வழுவழுக்கும் உவர்நீரானது. மீன் செத்துக் கரை நாறியது. நாரையும் வேறு நாடு பார்த்துப் போயிற்று. அப்போது உமது தூதர் ஒரு பொற்கிண்ணத்தோடு நம் அவைக்கு வந்தார். அதில் நம் கரையிலேயே அள்ளிய புழுக்கள் நெளிந்தன. வெண்கரையார்க்கு இனி மீன் இதுவே என்று எம் மன்னர் சொல்லச் சொன்னார் என அவர் உரைத்தார். உடன் வந்தோர் வாய்பொத்திச் சிரித்தனர். கிண்ணத்தை நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

அக்கோடையில் என் மகள் அரும்பி கரையில் விளையாடினாள். பிறந்தது முதல் அள்ளிக் குடித்த ஏரி என்பதால் தாகத்துக்கு அள்ளிக் குடித்தாள். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடிற்று. நாங்கள் கண்டு தூக்கியபோது நாக்கு உலர்ந்து பேச்சில்லை. எனக்கு உடன்பிறந்தான் இல்லாமையால், அவளை மடியில் இருத்திக் காது குத்துவித்தவர் நீரே. அந்தக் காதுகளில் நீர் போட்ட தோடுகளோடுதான் அவளை எரித்தோம். இவ்விடத்தில் நாம் என்று எழுதக் கை வரவில்லை, அம்மானே.

அவள் மாண்ட நீரில் புழு மட்டும் எப்படி வாழ்கிறது என்ற கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அரண்மனை மருத்துவர் அழிசியாரை அழைத்து, மண்தட்டுகளில் ஏரிநீர் நிரப்பிப் புழுக்களை வளர்த்தேன். நீரில் அவுரி நீலம் கரைத்தோம். அவற்றின் குடல் நீலமாயிற்று. ஆக, அவையும் அவ்வுவரையே குடிக்கின்றன. ஆனால் பின்புறத்தால் அவை கழிக்கும் துளியை நாவில் தொட்டால் ஏரிநீரைவிடக் கடுமையாகக் கரிக்கிறது. குடித்த உப்பை உடலில் தங்கவிடாமல், நீரை வைத்துக்கொண்டு உப்பை வெளியே தள்ளுகின்றன. சவுட்டின் காரத்தையோ, வயிற்றினுள் நூல்போன்ற குழல்களில் சுண்ணத்தோடு சேர்த்து வெண்மணிகளாகக் கட்டிவைக்கின்றன. அடிச்சேற்றில் வாழும் இன்னொரு வகைக்கு நம்மைப்போல் செங்குருதி உண்டு. மூச்சுக்குக் காற்றில்லாத அழுகல் சேற்றிலும் அக்குருதி கிடைத்த சிறிது உயிர்ப்பைப் பிடித்துவைத்துத் தருகிறது. ஓடுநீரில் வளர்த்தவை வெளுத்தன. நாறும் சேற்றில் வளர்த்தவை மேலும் சிவந்தன. மூச்சு முட்ட முட்டச் சிவக்கும் அவ்வுயிரை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அதன்மேல் எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

நீர் நகைத்த புழுவே எம்மைக் காத்தது. அது கூடுகட்டி மிதந்து காற்றில் கரையொதுங்கும் காலத்தில் எம் பெண்கள் முறத்தால் அள்ளிக் காயவைத்து, ஓடு நீக்கி, வறுத்துத் தினையோடு இடித்தனர். வறுத்த நண்டின் வாசம் உண்டு. கரைக்கு அப்பால் எஞ்சிய சில ஊற்றுகளின் நீரை அளந்து குடித்தோம், இம்மாவைத் தின்றோம், ஆற்றை அடைத்து நீர் கேட்ட திறையைத் தரவில்லை.

வெண்கரை செத்தொழிந்தது என்றெண்ணி உம் மகன் வேலாதனைப் படையோடு அனுப்பினீர். நாம் ஊற்றுகளை மூடி மறைத்துவிட்டு நாணற்காட்டில் ஒதுங்கினோம், வில் எடுக்கவில்லை. உமது நாட்டில் நீர்க்காண்பார் என்றோர் அதிகாரம் உண்டல்லவா? ஓடைக்கல்லைப் புரட்டிப் பார்த்து, புழு ஒட்டியிருந்தால் நீர் நல்லது, படை பருகலாம் என்று கொடி காட்டுவது அவர் தொழில். உங்கள் மலையோடைப் புழுவுக்கு அது சரிதான். அது தெளிந்த குளிர்நீரில் அன்றிப் பிழைக்காது. அவர் எம் கரையில் குனிந்தார், எள் போடவும் இடமின்றிப் புழு நெளிவதைக் கண்டார், கொடி காட்டினார். கரிக்கிறது என்று துப்பிய வீரரிடம், புழு வாழும் நீரில் மனிதன் மாளமாட்டான் என்று அதட்டினாராம். மறுநாள் நாம் நாணலைவிட்டு வெளியே வந்தபோது உமது படை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தது. என் மகளின் உலர்ந்த நாக்கை அத்தனை வாய்களிலும் கண்டேன். மனம் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

உயிர் இருந்தோர்க்கு ஊற்றுநீர் ஊற்றினோம். வேலாதன் பிழைத்தான். எம் அரண்மனையில் இருக்கிறான். எம் மாவைத் தின்கிறான். முதல் நாள் முகம் சுளித்தான், இப்போது கேட்டு வாங்கித் தின்கிறான். அரும்பியின் பங்காக இருந்திருக்க வேண்டிய ஊற்றுநீரை நாள்தோறும் அவனுக்கு அளந்து கொடுப்பவள் நானே.

ஆகவே கட்டளையிடுகிறோம். உமது பொற்கிண்ணம் வறுத்த புழுக்களால் நிறைந்து இவ்வோலையோடு வருகிறது. உமது அவையோர் கூடியிருக்க, அன்று சிரித்தவர்கள் பார்க்க, அதை நீர் உண்ணவேண்டும். பின் கற்சிறையை உமது ஆட்களைக் கொண்டே இடிக்கவேண்டும். ஆறு வந்தால் ஏரி இனிக்கும், இப்புழுக்கள் அழியும். அது நன்றிகெட்ட செயலாகும் என்பதால் ஒரு குடாவுக்குக் கரைகட்டி உவராகவே காப்போம். அக்குடாவுக்கு அரும்பி வாவி என்று பெயரிட்டுள்ளோம்.

வரும் நிறைமதி வரை தவணை. அன்று நுரையாற்றின் நீர் எம் கரையைத் தொடாவிடில் வேலாதனுக்கு ஊற்றுநீர் நிற்கும். நீர் ஆக்கிவைத்த ஏரியிலிருந்து அவன் குடிப்பான். எம் புழு அதைக் குடித்துப் பிழைக்கும். உம் மகன் புழு அல்லன்.

அரக்குக்கு மாறாக அகலேரியின் உப்புச்சேற்றில் எம் இலச்சினை பதித்தோம். இது உமது அவையில் உரக்கப் படிக்கப்படுக.