குரங்குக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொன்னது

18 நவம்பர் 2003, செவ்வாய்

வளர்ப்புக்குக் குழந்தை கேட்டு மனு போட்டிருக்கிறோமே, அதற்கு வீடு பார்க்க இன்று அந்த ஆபீசிலிருந்து சின்ன வயசு மேடம் ஒருத்தி வந்தாள். சம்பளச் சீட்டு, டாக்டர் சீட்டு, போலீஸ் சீட்டு, பக்கத்து வீட்டு சர்தார்ஜியின் மனைவி எங்களை நல்லவர்கள் என்று எழுதிக் கொடுத்த கடிதம், எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக நீட்டினார். குழந்தை படுக்கிற இடத்தை நான் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். கடைசியில், பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று இந்தியில் கேட்டாள்.

என் வாய் சும்மா இருக்குமா? "பந்தர் கோ தே தூங்கி" என்றேன். குரங்குக்குக் கொடுத்துடுவேன் என்று எந்தத் தாய்தான் சொல்லவில்லை?

மேடம் சிரிக்கவில்லை. "இங்கே குரங்கு வருமா?" என்றாள். நேரம் பார்த்து பால்கனிக் கம்பியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. இரண்டையும் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

"ஏண்டி, ரெண்டு வருஷமா நாயா அலையுறோம். ஒரு மணி நேரம் உன் கிண்டலை மூட்டை கட்டி வைக்கக் கூடாதா?" என்றார் இவர்.

நாளை அந்த ஆபீசுக்கே போய், அது தமாஷுக்குச் சொன்னது என்று சொல்லவேண்டும். "சிரிக்காம சொல்லு" என்று படுக்கப் போகும்போது சொன்னார். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவே இல்லை.