எதிர்ப்புறம் போய்ப் பார்க்காத டீ பாக்கெட்

இன்று காலை நடுவட்டத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். டீக்கடைக்காரர் கூரைத் தகரத்தைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார். ஒழுகாமல் இருக்கத் தகரத்துக்கு அடியில் எப்போதோ விரித்திருந்த பிளாஸ்டிக் தாள் சரிந்து என் காலடியில் விழுந்தது. கரும்பச்சை நிறம். மலை, ரயில், கூடை சுமந்த பெண், ஆவி பறக்கும் கோப்பை, இத்தனைக்கும் நடுவே சாய்வாகப் பொன்னிற எழுத்து. என் கைவேலைதான்.

"மீந்துபோன ரோலுன்னு எங்கப்பா வாங்கியாந்து போட்டதுங்க. எந்தத் தூளுங்க இது? நானும் எத்தன வருசமா அண்ணாந்து பாக்கறன், பேரு மட்டும் படிக்க முடியறதில்ல" என்றார் கடைக்காரர். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பார், இந்த வயதிலும் பொய்தான் முதலில் வாயில் வருகிறது.

குன்னூரில் பூட்டுக்கடைக்கு மேல்மாடியில் நாம் இருவரும் வைத்திருந்த டிடிபி கடையை இப்போது யாருக்கும் நினைவிருக்காது. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, சுவரில் என் சான்றிதழ். கோயம்புத்தூரில் ஆறு மாதம் டிசைன் படித்தவள் என்ற மிதப்பு எனக்கு. நீ எங்கேயும் படிக்கவில்லை. ஆனால் வேலையில் நீதான் கெட்டி. அது எனக்குத் தெரியும் என்பதுதான் தொந்தரவே.

கல்யாணப் பத்திரிகையோ பேக்கரி டப்பாவோ, திரையில் பார்த்து நீ ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. நிஜ அளவில் அச்செடுத்து, கத்தரித்து, மடித்து, ஒட்டிக் கையில் பிடித்துப் பார்ப்பாய். "திரைக்குள்ள வெளக்கு எரியுது புள்ள. கடைல அதுக்குப் பின்னால யாரு வெளக்குப் புடிப்பாங்க?" என்பாய். எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று கேட்பாய். நான் இரண்டைச் சொன்னால், இன்னும் யோசித்துவிட்டு வா என்று அனுப்புவாய். எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தால், "இன்னும் ஒன்னத் தூக்கு" என்பாய். படத்தில் ஒன்றை எடுத்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

கடைசியாக உன் பரீட்சை ஒன்று உண்டு. மாதிரியைக் கீழே பூட்டுக்கடை ஆணியில் தொங்கவிட்டு, பனிமூட்டம் இறங்கும் வரை காத்திருந்து, சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நின்று பார்ப்பாய். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். நம் ஊரில் பாதி நாள் மூட்டம், கடைக்குள்ளோ பகலிலும் இருட்டு; அதில் தெரியாத எழுத்து எதற்கு என்பது உன் கட்சி. வெயில் அடித்தால் வேலை தள்ளிப்போகும். "மூட்டம் வரலீங்க, நாளைக்கு வாங்க" என்று வாடிக்கையாளரிடம் நான்தான் அசடு வழிய வேண்டும்.

பிறகு பச்சை இலை விலை சரிந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல், உங்கள் ஊரில் பல தோட்டங்களில் தேயிலைச் செடி ஆளுயரம் வளர்ந்து நின்றது. உன் அப்பாவும் பக்கத்துத் தோட்டக்காரர்களும் கூடிப் பேசி, தங்கள் தூளைத் தாங்களே பாக்கெட் போட்டு விற்பது என்று முடிவு செய்தார்கள். டீக்கும் ஊரின் பெயரையே வைத்தார்கள். ஏக்கர் ஒன்றரை மட்டுமே உள்ளவர்கள். இதுவும் போனால் தோட்டத்தை விட்டுத் திருப்பூருக்குத்தான் போக வேண்டும் என்றார் உன் அப்பா.

நீ செய்த உறை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மஞ்சள் தரை, கறுப்பில் தடித்த பெயர், ஓரத்தில் ஓர் இலை. "நல்லா பளிச்சுன்னு இருக்குதுங்க அம்மிணி" என்று அவர்கள் உன்னிடம் சொன்னார்கள். என் சான்றிதழுக்கு அடியில் நின்றுகொண்டு உன்னிடம் சொன்னார்கள்.

நீ சித்தி மகள் கல்யாணத்துக்குச் சத்தியமங்கலம் போன மூன்று நாளில் நான் புதிதாக ஒன்று செய்தேன். திரையில் அது தகதகவென்று மின்னியது. உன் மஞ்சளை எடுத்துவிட்டு, என் பச்சையை சிடியில் ஏற்றி அச்சகத்துக்கு அனுப்பினேன். அச்செடுக்கவில்லை, மடிக்கவில்லை. வந்து பார்த்ததும் நீயே அசந்துபோவாய் என்று நினைத்தேன். அப்படி ஓர் ஆணவம்.

பாக்கெட்டுக்கான பிளாஸ்டிக் ரோல்கள் அச்சாகி வந்தபோது பொன்னிற எழுத்து சேற்று நிறத்தில் இருந்தது. கடை இருட்டில் பாக்கெட் இருப்பதே தெரியவில்லை. கடைகளுக்கு அனுப்பியதெல்லாம் விற்காமல் திரும்பி வந்தது. அச்சுக்குச் செதுக்கிய உருளையை மாற்றி மறுபடி அச்சடிக்கத் தோட்டக்காரர்களிடம் பணமில்லை. யார் செய்தது என்று உன் அப்பா நம் கடைக்கே வந்து கேட்டார். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். "நாந்தானுங்கப்பா. கடேசில மாத்திப்போட்டன்" என்றாய். அவர் படியிறங்கிப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் போனதும் நீ என்னைத் திட்டியிருக்கலாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"எதுத்தாப்ல போயி நின்னு பாத்தியா புள்ள?"

"பாத்தேன்" என்றேன்.

அடுத்த தையில் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டீர்கள். பனியன் லேபிள் செய்கிறேன், உள்ளங்கை அளவுதான், தூக்குவதற்கே ஒன்றுமில்லை என்று போனில் சிரிப்பாய். உன் அப்பா கடைசிவரை உன் கையால்தான் தோட்டம் போனது என்று நம்பியிருப்பார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அன்று நான் சொன்னது பொய் என்று உன்னிடம் சொல்லிவிட நினைத்து, பிள்ளைகள் படிப்பை விசாரித்துவிட்டு வைப்பேன். போன ஐப்பசியில் உன் மகன் பேசினான். அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது என்றான். சொல்ல இனி ஆளில்லை.

நீ சொன்னதையெல்லாம் இன்றும் அப்படியே செய்கிறேன். மடித்துப் பார்க்கிறேன், ஒன்றைத் தூக்குகிறேன், லாரிக்காரர்களிடம் திட்டு வாங்குகிறேன். நன்றாக இருக்கிறது என்று பாராட்டினால் வாங்கிக்கொள்கிறேன். உன் பெயரைச் சொன்னதில்லை.

இன்று பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. கடைக்காரரிடம் அந்தத் தாளில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, அவர் கடை முகப்பில் ஓர் ஆணியில் மாட்டினேன். மேலிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்று திரும்பிப் பார்த்தேன்.

தெரியவில்லை. உங்கள் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை.

அன்று நான் பார்க்கவில்லை. இன்றுதான் பார்த்தேன்.