ஈஸ்டர் சட்டையின் பக்கத் தையல்

இன்று காலை உங்கள் தம்பி ஈஸ்டருக்குத் தைத்த சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று சிகரெட்டை விட்டவர். சட்டைக்கு அதற்கு முன்பே அளவு கொடுத்திருந்தார். இப்போது நடுப் பொத்தான் சேரவில்லையாம்.

"தொப்பை வந்துருச்சு மதினி. ஆவூர்ல ஒரு பய விடாமக் கிண்டல் பண்றான். பேசாமத் திரும்பப் பத்த வச்சிரலாமான்னு இருக்கு" என்றார்.

சட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை, உங்கள்மேல். செத்தவர்மேல் கோபப்படக் கூடாதாம். சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

வருஷா வருஷம் இதே கூத்தைத்தானே நடத்தினீர்கள்! தவக்காலம் முழுக்கச் சிகரெட்டைத் தொட மாட்டீர்கள். "பாத்தியா, நெனச்சா விட்ருவேன்" என்று என்னிடம் பெருமை வேறு. நாக்குக்கு ருசி திரும்பும். கருவாட்டுக் குழம்புக்கு மறுசோறு கேட்பீர்கள், நானும் ஆசையாகப் போடுவேன். ராத்திரி இருமல் இல்லாமல் தூங்குவீர்கள். ஈஸ்டரன்று புதுச்சட்டை வயிற்றில் இறுக்கும். கோயில் வாசலில் உங்கள் கூட்டாளிகள் வயிற்றைத் தட்டி, "என்னப்பா, எத்தனை மாசம்?" என்பார்கள். அவ்வளவுதான், பூசை முடிந்த கையோடு டீக்கடைக்குப் போய்ப் பற்ற வைத்துவிடுவீர்கள்.

கடைசி வருஷம் குளத்தூரில் நாம் பார்த்த டாக்டரம்மா எவ்வளவு பொறுமையாகச் சொன்னார்! "சிகரெட்டு பசிய அமுக்கி வச்சிருக்கும். ஒடம்பையும் கொஞ்சம் வேகமா எரிய வைக்கும். விட்டா வெயிட்டு ஏறத்தான் செய்யும், பயப்படாதீங்க. சாயங்காலம் நடங்க, நொறுக்குத் தீனியக் கொறைங்க. வெயிட்டக் கொறைக்க சிகரெட்டத் தேடிப் போயிராதீங்க." நீங்களும் நல்ல பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினீர்கள்.

அந்த ஈஸ்டருக்கு நான் கத்திரியோடு வந்து நின்றேன். "கழட்டுங்க, பக்கத் தையலப் பிரிச்சு விடுறேன். உள்ள துணி இருக்கு" என்றேன்.

"பிரிச்சுப் போட்டா ஊரே சிரிக்கும்டி. நாலு நாளு ஊதுனா தானா எறங்கிரும்" என்றீர்கள்.

இறங்கத்தான் செய்தது. ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற வரைக்கும் இறங்கியது. பெட்டியில் கிடத்தும்போது அதே சட்டையைத்தான் போட்டுவிட்டார்கள். தொளதொளவென்று இருந்தது. வயிற்றைத் தட்டிய அதே ஆட்கள் தலைமாட்டில் நின்று, "சாகுற வயசா இது" என்று அழுதார்கள். எனக்கு ஒவ்வொருத்தனையும் அறைய வேண்டும்போல இருந்தது. உங்களையும்தான்.

இன்று உங்கள் தம்பியை உட்கார வைத்துவிட்டு, சட்டையின் இரண்டு பக்கத்தையும் பிரித்தேன். தையல்காரர் உள்ளே தாராளமாகவே துணி விட்டிருந்தார். மெஷினில் ஓட்டிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார், பொத்தான் சேர்ந்தது.

"எவனாச்சும் தொப்பையத் தட்டுனா எங்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். அவர் தெருமுனையைத் தாண்டி, டீக்கடையையும் தாண்டிப் போகிற வரைக்கும் வாசலிலேயே நின்று பார்த்தேன்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் சட்டையிலும் உள்ளே அவ்வளவு துணி இருந்தது. பிரிக்காமலே உங்களோடு புதைத்துவிட்டோம்.