டெலி என்றால் குத்துமதிப்பாம்

பொம்மிடி
10-3-1943

சிரஞ்சீவி மாதேஸுக்கு அப்பா தீர்த்தகிரி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை செல்லியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கத் தீர்த்தமலையான் துணை இருக்கட்டும். சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டது, புளி உலுக்க ஆள் கிடைக்கவில்லை. அதெல்லாம் கிடக்கட்டும், மாரப்பனைப் பழி தீர்த்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

செல்லிக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு மைசூரில் ஏற்கனவே பெண்டாட்டி இருக்கிறாள், கொடுக்காதே என்று நீ அடித்த தந்தியை, ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று அந்தப் படுபாவியிடம்தானே படிக்கக் கொடுத்தேன். அண்ணனுக்குச் சம்மதம், தாமதிக்காதே என்று வாய் கூசாமல் படித்தான், மாப்பிள்ளை அவன் மச்சான் மகன் ஆயிற்றே. கல்யாணமான நாலாம் மாதமே செல்லி அழுதுகொண்டு வந்து நின்றாள். பஞ்சாயத்தில் கேட்டால், டெலி என்றால் இங்கிலீஷில் குத்துமதிப்பு என்று அர்த்தமாம், டெலிகிராம் என்றால் குத்துமதிப்பான சேதியாம், நான் என்னங்க பண்ணுவேன் என்றான். ஊரும் தலையாட்டியது. என் வயிறு எரிந்தது. நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு, டெலி இங்கிலீஷே இல்லை, கிரேக்க தேசத்துச் சொல், தூரம் என்று அர்த்தம், தூரத்திலிருந்து எழுதினால் டெலிகிராம், பேசினால் டெலிபோன், தூரத்தில் இருப்பதைக் காட்டினால் டெலஸ்கோப் என்றார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவரிடம் போய் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டக் கற்றேன், இந்த வயதில், பல்லைக் கடித்துக்கொண்டு.

போன செவ்வாய் மாரப்பன் பென்னாகரம் சந்தைக்குப் போயிருந்தபோது அவன் வீட்டுக்குத் தந்தி வந்தது. மகன் சென்னப்பன் பட்டாளத்தில் அல்லவா, நம் பக்கத்தில் தந்தி என்றாலே சாவுதானே, பிரிக்காமலே மாரில் அடித்துக்கொண்டு அவன் பெண்டாட்டி கண்ணம்மாள் என்னிடம் ஓடிவந்து, படிங்கண்ணா, எம்புள்ள இருக்கானா என்றாள். படித்தேன். லீவு கிடைத்தது, ஞாயிறு வருகிறேன் என்று இருந்தது. மடித்து மடியில் செருகிக்கொண்டு, டெலி என்றால் குத்துமதிப்பு, உன் புருஷன் வந்து சொல்லட்டும் என்றேன். தெருவே ஒப்பாரி வைத்தது. மத்தியானம் வந்த மாரப்பன் அந்தச் சத்தம் கேட்டதும் ஏரிக்கரையிலேயே விழுந்தான். தூக்கிக்கொண்டு வந்தார்கள், என் காலைப் பிடித்து, உள்ளத உள்ளபடி படிச்சிடு தீர்த்தகிரி என்றான். முதலில் என் தந்தியில் இருந்ததைச் சொல்லடா என்றேன். ஊர் கேட்க ஒரு எழுத்து விடாமல் சொன்னான். எனக்கு மனது குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

காகிதத்தை எடுத்து நீட்டினேன், செல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னுங் கொஞ்ச நேரம் அழுவட்டும்பா என்றாள். நான் கேட்கவில்லை, கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

நீ நூறு வயது நன்றாக இரு. குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகாதே. செல்லிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, மறந்துவிடாதே. எனக்கு ஆறிவிட்டது, அவளுக்கு ஆறவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
தீர்த்தகிரி