நீ அனுப்பின லேப்டாப்பு மேல எனக்கு ஒரு சந்தேகம்

காரிமங்கலம்
ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு வந்து

அன்பு மகள் கேத்தரினுக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் நல்ல சுகம். நீயும் அந்த ஹாலிஃபாக்ஸ் ஊர்ல சுகமா இருக்கோணும்னு மாதாகிட்ட வேண்டிக்கறோம். சுகமான்னு கேட்டா சுகம்னுதான் நீ சொல்லுவே, அதை இப்பெல்லாம் நான் அப்படியே நம்பறதில்ல, ஆனா நான் எழுதறத நீ நம்பலாம். இந்தக் காலத்துல அப்பா எதுக்குப் பேப்பர்ல எழுதித் தபால்ல போடறாருன்னு நெனைப்பே. போன்ல நான் ஒண்ணு கேட்டா நீ வேற ஒண்ணு சொல்லிச் சிரிச்சுட்டு வெச்சுருவே. வாட்ஸப்புல போட்டா உங்கம்மா பாத்துருவா. கம்ப்யூட்டர்ல அடிக்கலாம்னா அதுல அடிக்கறது எங்கெங்க போய்ச் சேருதுன்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. பேனாவுல எழுதி ஒட்டிட்டா நடுவுல யாரும் படிக்க முடியாது, தபால் ஆபீசுல பிரிச்சாத்தான் உண்டு, அதுக்காகத்தான் பசைக்கு மேல டேப்பும் போட்டிருக்கேன், பிரிக்கறப்ப கத்திரிக்கோல் வெச்சுப் பிரி.

உங்கம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவால்ல. தர்மபுரி டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைய ஒழுங்காப் போடறேன்னு சொல்றா, ஆனா அட்டை குறையவே காணோம், கேட்டா அது புது அட்டையாம். மழை ரெண்டு வாட்டி வந்து ஏமாத்திட்டுப் போயிடுச்சு. வூட்டுக்குப் பின்னால இருக்கற மாமரம் ரெண்டும் நல்லாக் காய்ச்சிருக்குது, ஆனா ரோட்டோரம் இருக்கற கிளையில மட்டும் காய் கம்மியா இருக்குது, அது தானாக் கம்மியாகலைன்னு எனக்குத் தெரியும். நம்ம பேனர் கடைக்கு எதுத்தாப்புல டிசைன் கடை வெச்சிருக்கற முருகேஷ் இப்ப என்னைப் பாத்தா வணக்கம் வெக்கறான். அஞ்சு வருசமா வெக்காதவன் இப்ப எதுக்கு வெக்கறான்னு தெரியல. நம்மளப் பத்தி, சவரி அண்ணன் கடையில புது மெசினு வந்து வேலை ஓடலையாம்னு பஸ் ஸ்டாண்டுல பேசிக்கறாங்களாம், அந்தப் பேச்சு எங்கிருந்து கெளம்பியிருக்கும்னு நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்ல.

வேலை ஓடலைங்கறது முழுப் பொய்யும் இல்ல கண்ணு. இத்தன வருசம் விண்டோசுல கண்ண மூடிட்டு வேலை செஞ்சவன் நான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை, சாவு எது வந்தாலும் அரை மணி நேரத்துல பேனர் டிசைன் பண்ணித் தர்மபுரிக்கு பிரிண்டுக்கு அனுப்பிடுவேன். அந்தப் பெட்டி செத்துப்போச்சுன்னதும் நீ அங்க உனக்குன்னு புதுசு வாங்கிட்டு, நீ வெச்சிருந்த மேக் லேப்டாப்ப எனக்குக் குடுத்து விட்டே. கம்பைநல்லூர் பெரியண்ணன் மக கனடாவுலேர்ந்து லீவுக்கு வந்தப்ப கொண்டாந்து குடுத்துச்சு. உங்கம்மாவுக்கு ஒரே சந்தோசம். எனக்கு என்னமோ அன்னைக்கே சுருக்குன்னுது. நீ வர்றேன்னு சொல்லியிருந்த மாசம் அது. நீ வரல, லேப்டாப்பு வந்துச்சு. ஆளுக்குப் பதிலாப் பொருளை அனுப்பறாளேன்னு நெனைச்சேன், நெனைச்சத வெளிய சொல்லல.

அப்பறம் அது படுத்தின பாடு இருக்குதே. ஜன்னலை மூடற பெருக்கல் குறி இத்தன வருசம் வலது பக்கம் இருந்துச்சு, இதுல இடது பக்கம். கன்ட்ரோல் பட்டனை அமுக்கி அமுக்கிப் பழகின சுண்டுவிரல் இப்ப எங்க போறதுன்னு தெரியாமத் தவிக்குது, இதுல வேற பட்டனாம், அதைக் கட்டைவிரல்ல அமுக்கோணுமாம். என்கிட்ட இருக்கற பென் டிரைவ் ஒண்ணுகூட அந்த ஓட்டையில நொழைய மாட்டேங்குது. ஸ்கிரீன்ல கலர் மட்டும் கண்ணப் பறிக்குது, அதை நம்பி அனுப்பினா பிரிண்ட்டு மங்கலா வந்து நிக்குது, தாலி கட்டற மாப்பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி முகம். கலர்ல நல்லாக் காட்டி ஏமாத்தற ஆளுங்களைப் பாத்திருக்கேன், மெசினும் அப்படி இருக்கும்னு எதிர்பாக்கல. போட்டோஷாப்பைத் திறந்தா உன் பேர்ல நிக்குது. மாத்தட்டுமான்னு கேட்டேன். வேண்டாங்கப்பா, லாகின்ல இருக்கற என் பேரை மட்டும் தொடாதீங்க, தொட்டா போட்டோஷாப் வேலை செய்யாதுன்னு சொன்னே. சொன்ன வேகத்துலயே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, ஒரு பொருளைக் குடுத்துட்டு அதுல ஒரு இடத்தைத் தொடாதேன்னா அங்கதானே விசயம் இருக்குது.

ஒரு வாரம் போயிருக்கும், போட்டோ வர ஆரம்பிச்சுது. நான் எடுக்காத போட்டோ. மொத நாள் ரோடு நெறையப் பனி. மறுநாள் ஒரு ஜன்னல். அதுக்கடுத்த நாள் தட்டுல சோறும் முட்டையும். முருகேஷ்தான் யாரையோ புடிச்சு உள்ள ஏதோ ஏவி விட்டிருக்கான்னு நெனைச்சுட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கற அருண்குமாரைக் கூப்பிட்டுக் கேக்கலாம்னா அவன் முருகேஷ் கடைக்கும் சர்வீஸ் பண்றவன், இங்க பாக்கறத அங்க சொல்ல மாட்டான்னு என்ன நிச்சயம். அதனால உங்கம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணை எடுத்து லேப்டாப்பு கேமரா கண்ணு மேல ஒட்டிட்டு நான் பாட்டுக்கு வேலையப் பாத்தேன். அப்பறம் ஒரு போட்டோவுல நம்ம வூட்டு எவர்சில்வர் டம்ளர் தெரிஞ்சுது, உன் பேரு வெட்டின டம்ளர், நீ போறப்ப எடுத்துட்டுப் போனது. அப்பத்தான் இது உன் போன்ல எடுக்கற படம்னு புரிஞ்சுது.

புரிஞ்ச அன்னைக்கே உனக்குச் சொல்லியிருக்கோணும். சொல்லல. பெத்தவன் புத்தி அப்படி. ஏதாவது பையன் முகம் இருக்குதான்னு தேடினேன். கோவிச்சுக்காதே, தேடத்தான் செஞ்சேன், தெனம் கடையத் திறந்ததும் மாதா படத்துக்கு மெழுகுவத்தி வெச்சுட்டு அதைத்தான் பாத்தேன். ஒரு பையனும் இல்ல. அட பையன் வேண்டாம், ஒரு பொண்ணு முகமாவது இருக்குதான்னு பாத்தா அதுவும் இல்ல. கேரளாப் பொண்ணு ஒண்ணு, பஞ்சாபிப் பொண்ணு ஒண்ணு கூட இருக்குறாங்க, சேந்து சமைக்கறோம், சிரிப்பும் கூத்துமா இருக்கறோம்னு நீ போன்ல சொல்றியே, அவங்க எங்க கண்ணு. எல்லாப் படத்துலயும் ஒரு தட்டு. ஒரு டம்ளர். மேசைக்கு ஒரு பக்கம்தான் நாற்காலி. கிறிஸ்மஸ் அன்னைக்குக் கேக்கு படம் வந்துச்சு, ஒரு துண்டு வெட்டியிருந்துச்சு. நாலு நாள் கழிச்சு அதே கேக்கு, இன்னொரு துண்டுதான் கொறைஞ்சிருந்துச்சு. ஒரு பையன் நின்னிருந்தா ரெண்டு நாள் கோவமா இருந்துட்டுத் தேறியிருப்பேன். யாருமே இல்லாதது எனக்கு பயமா இருந்துச்சு. உங்கம்மாகிட்ட இதுவரைக்கும் சொல்லல.

இப்ப போன செவ்வாக்கிழமை விசயத்துக்கு வர்றேன். பழைய பெட்டி சாகறதுக்கு முன்னால மெயில்ல போட்டு வெச்சிருந்த பேனர் மாடல் எதைத் திறந்தாலும் இதுல எழுத்து கலைஞ்சு போகுது, அதனால ஒவ்வொண்ணாப் புதுசாப் போட்டு வெச்சுட்டு இருந்தேன். சாவு பேனர் மாடலுக்கு உயிரோட இருக்கற அடுத்தவன் படத்தை வெக்கக் கூடாதுங்கறது என் பழக்கம், நம்ம தொழில்ல எல்லாரும் அப்படித்தான், அவன் ஆயுசுல நாம வெளையாடக் கூடாது. எப்பவும் என் படத்தைத்தான் வெப்பேன். அன்னைக்கும் வெச்சேன். கண்ணீர் அஞ்சலின்னு போட்டு, கீழ தோற்றம்னு என் பொறந்த தேதி, மறைவுன்னு அன்னைக்குத் தேதி, அதுக்கும் கீழ இவண் மனைவி ராயம்மாள், மகள் கேத்தரின், கனடான்னு அடிச்சுப் பாத்தேன், உன் பேரு நீளத்துக்கு எழுத்து சரியா நிக்குதான்னு. சேவ் பண்ணிட்டு, மாரண்டஹள்ளியிலிருந்து வந்திருந்த சென்றாயனுக்குப் பேத்தி காதுகுத்துப் பேனரைத் திறந்தேன். புள்ளை முகத்தை இன்னும் கொஞ்சம் செவப்பா ஆக்குங்க, இன்னும் கொஞ்சம்னு அவரு பக்கத்துல உக்காந்து உசுரை வாங்கிட்டு இருக்காரு, அப்பத்தான் உன் போன் வந்துச்சு.

அப்பான்னு ஒரு சத்தம், அப்பறம் ஒரே அழுகை. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா, இது நீ இல்லைன்னு தோணுச்சு. புள்ளைங்க குரல்லயே அழுது பேசிக் காசு புடுங்கறாங்கன்னு பேப்பர்ல தெனம் வருது. அதனாலதான் நீ அத்தன அழுகையிலயும் நான் கல்லு மாதிரி, சின்னதுல கோயில்ல மொத நன்மை அப்பம் வாங்கின அன்னைக்கு என்ன நடந்துச்சு சொல்லுன்னு கேட்டேன். வேன்ல வெள்ளை கவுன் மேல வாந்தி எடுத்தேங்கப்பா, நீங்க உங்க துண்டைக் கட்டி விட்டீங்கன்னு விக்கி விக்கிச் சொன்னே. அப்பத்தான் அது நீதான்னு எனக்கு நிச்சயமாச்சு. என் குரலைக் கேட்டும் உனக்கு நம்பிக்கை வரல, அப்பா நெசமாத்தானே பேசறீங்கன்னு மூணு நாலு வாட்டி கேட்டே. சந்தேகத்துல நீ என்னையே முழுங்கிருவே போலன்னு நெனைச்சுக்கிட்டேன். அம்மாவுக்கு அடிச்சேன், எடுக்கலைன்னே. அவ ரேசன் கடை வரிசையில இருந்தா, போனு வூட்டுல சார்ஜுல இருந்துச்சு. நல்லதாப் போச்சு. சென்றாயன் எழுந்து வெளிய போய் நின்னுக்கிட்டாரு, நல்ல மனுசன், அதுக்கப்பறம் செவப்பு கேக்கவே இல்ல.

அந்த அழுகைக்கு நடுவுல நீ ஒண்ணு சொன்னே, உனக்கு ஞாபகம் இருக்குதோ இல்லையோ. நீங்க சேவ் பண்றதெல்லாம் என் ஸ்கிரீன்ல வரும்பா, அந்த அஞ்சலிப் பேனரும் வந்துச்சு, அதுக்குத்தான் என் பேரை எடுக்க வேண்டாம்னேன், தெனம் வேலை முடிஞ்சு வந்து யாரு வூட்டுல கல்யாணம், யாரு வூட்டுல காதுகுத்துன்னு எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் படுப்பேன்னு சொன்னே. ஆக மெசினு மேலயும் முருகேஷ் மேலயும் நான் பட்ட சந்தேகமெல்லாம் வீண், வேலையப் பாத்தது என் பொண்ணு. சந்தேகம் சரியாத்தான் இருந்துச்சு, ஆளுதான் தப்பு. அன்னைக்குக் கோவம் வரல. போனை வெச்சதுக்கப்பறம்தான் சுவத்துக் கடிகாரத்தைப் பாத்துக் கணக்குப் போட்டேன். இங்க காலையில பதினொண்ணு. அங்க ராத்திரி ஒண்ணரை. ரெண்டு தோழிங்களோட சிரிச்சுப் பேசிட்டு இருக்கற பொண்ணு எதுக்கு ராத்திரி ஒண்ணரைக்குக் காரிமங்கலத்துப் பேனரைப் பாத்துட்டு உக்காந்திருக்கோணும். சென்றாயன் பேத்தி உனக்கு யாரு கண்ணு.

மறுநாள் வேற வழியில்லாம அருண்குமாரைக் கூப்பிட்டேன். ரெண்டு பக்கமும் பாப்பாவோட ஒரே லாகின்ல ஓடுதுங்கண்ணா, அதான் உங்களுது அங்க போகுது, பாப்பாவோடது இங்க வருது, பிரிச்சு விட்டுரட்டுமான்னு கேட்டான். படத்தைப் பாக்கக் கூடாதுன்னு அவனைத் திரும்பி நிக்க வெச்சுத்தான் பேசினேன். யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன். நேத்துத்தான் மறுபடியும் வரச் சொன்னேன்.

எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, சுகரும் பிரசரும் பாத்தாச்சு, ரிப்போர்ட்டை வேணும்னா போட்டோ எடுத்து அனுப்பறேன். பயந்துக்கிட்டு டிக்கெட் போட வேண்டாம். ஆனா வர்றதா இருந்தா வா, லீவு கெடைக்கலைன்னு சொல்லாதே, கெடைக்கலையா நீ கேக்கலையான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போ, சாமிக்காக இல்லாட்டியும் நாலு மனுச மூஞ்சியப் பாக்கறதுக்காகப் போ. ஒரு ஆளுக்குச் சமைக்கறப்ப முட்டையோட நிறுத்திக்காதே, கொழம்பு வெய்யி. ராத்திரி நேரத்துல தூங்கு. உங்கம்மா கிட்ட நீ சொன்ன தோழிங்க கதைய நான் மாத்தல, அதை நீயே வந்து மாத்திக்கோ.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். நீ படுக்கப் போற நேரத்துல இங்க விடிஞ்சிருக்கும், அப்ப உன் நெத்தியில சிலுவை போடறதா நெனைச்சு நானும் உங்கம்மாவும் செபம் சொல்றோம். கடைசியா ஒண்ணு. நான் போடற பேனரை நீ எப்பவும் போலப் பாத்துக்கோ, அதுல உனக்கு ஊர் தெரியுதுன்னா தெரியட்டும், உன் பேரை எடுக்கல. சாவு பேனர் மாடலை மட்டும் அழிச்சுட்டேன். ஆனா உன் போட்டோ இந்தப் பக்கம் வர்றத நிறுத்திட்டேன், அருண்குமார் நேத்து வந்து செஞ்சுட்டுப் போயிட்டான். இனி உன் தட்டு எனக்குத் தெரியாது. நீயாச் சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு
உன் அப்பா
சவரி