பஜனை மடத்துப் பிடியரிசி

அக்கா,

மலாக்கா பக்கம் செலண்டாரில் ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும்போது, காரைப் பழைய தோட்டத்துப் பக்கம் விடச் சொன்னேன் மகனிடம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. நம் பஜனை மடத்தில் மிஞ்சியிருப்பது அந்தச் சிவப்புச் சிமெண்டுத் தரை மட்டும்தான். லாரி வரும்வரை அதன்மேல் செம்பனைக் குலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். நான் இறங்கவில்லை. கால் வலி. இறங்கித்தான் என்ன செய்யப்போகிறேன்.

மகன் கேட்டதால் மடத்தின் கதையைச் சொன்னேன். தோட்டத்து ஆண்கள் பஜனை சபை வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே மண் சுமந்து கட்டிய மடம். துளசி மாலை போட்டவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி. பஜனை முடிந்ததும் கங்காணி, ரப்பர்ப் பால் வெட்டுகிறவர், சாக்கடை வெட்டுகிறவர் என்று பாராமல் ஒருவர் காலில் ஒருவர் விழுவார்கள். "அருமையா இருந்திருக்கும்லா" என்றான். இருந்தது. நாம்தான் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தோமே. பெண்களுக்கு மாலை கிடையாது. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒதுக்கும் பிடியரிசியை வாங்கி வந்து மடத்தில் பெருமாளுக்குப் பொங்குவது நம் பங்கு. "உள்ள விழுந்து எந்திரிக்கிறவங்களுக்குப் பசிக்கும்லா, பின்ன நாம எதுக்கு இருக்கோம்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பீர்கள்.

வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அந்த அவசரகாலத்தில், நாம் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். மடம் கம்பிக்கு வெளியே நின்றுவிட்டது. பகலில் அனுமதி வாங்கிப் போய் விளக்கேற்றலாம், பாடலாம். ஆனால் காட்டில் ஒளிந்திருக்கும் அந்தக் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, ஒரு பிடி அரிசிகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. புரட்டாசிச் சனி வந்தது. உள்ளேயே பொங்கிக் கும்பிட்டுக்கொள்ளலாமே என்றேன் நான். சபைக்காரர்கள் ஒப்பவில்லை, பிடியரிசி மடத்து அடுப்பில்தான் பொங்க வேண்டும், இல்லாவிட்டால் பூசை நிறையாது என்றார்கள். யார் கொண்டுபோவது என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் மடியில் கட்டிக்கொண்டீர்கள்.

கேட்டில் சோதனை போட்ட பெண் உங்கள் மடியை அவிழ்த்தாள். யார் யார் கொடுத்த அரிசி என்று போலீஸ்காரர் கேட்டார். மிருதங்கமும் தாளமுமாகச் சபையார் முன்னாலேயே கேட்டைத் தாண்டி நின்றிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. நீங்கள் கொஞ்ச நேரம் அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"எல்லாம் என் வீட்டு அரிசி" என்றீர்கள் பிறகு.

பால்குடி மறக்காத உங்கள் பெண்ணை என் இடுப்பில் கொடுத்துவிட்டுப் போலீஸ் லாரியில் ஏறினீர்கள். அவள் அழுத அழுகைக்கு அன்று லயத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

நீங்கள் மலாக்கா ஜெயிலில் இருந்தபோதே, ஆள் ஒளிய இடமாகும் என்று பட்டாளத்துக்காரர்கள் வந்து மடத்தை இடித்துப் போட்டார்கள். தரையை மட்டும் விட்டுவிட்டார்கள். நீங்கள் திரும்பி வந்தபோது பிள்ளைக்கு உங்களை அடையாளம் தெரியவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வர மறுத்தாள். பழகிடுவா என்று சொல்லி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டீர்கள்.

அன்று சாயங்காலம் சபைத் தலைவர் துளசி மாலையோடு உங்கள் வாசலுக்கு வந்தார், பின்னால் மற்றவர்கள். இனி நீங்களும் சபையில் ஒருவர் என்று சொல்லி, காலில் விழக் குனிந்தார்.

"வேணாண்ணே. அன்னைக்குத் திரும்பிப் பார்த்திருந்தா போதும். போங்க, வெள்ளன வேலைக்குப் போவணும்."

கோபமாகச் சொல்லவில்லை. நீங்கள் களைத்துப்போய்ச் சொன்னீர்கள். கொண்டுவந்த மாலையோடே திரும்பிப் போனார்கள். அதன்பிறகு சபை ஒருநாளும் கூடவில்லை.

எத்தனையோ கோயில், எத்தனையோ சங்கம் பார்த்துவிட்டேன் அக்கா. எல்லாரும் ஒன்று என்று மேடையில் பேசினால் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. ஆனாலும் எங்கே போனாலும் வாசலைத் தாண்டியதும் ஒரு தரம் நின்று பின்னால் பார்க்கிறேன், யாராவது மாட்டிக்கொண்டு நிற்கிறார்களா என்று. என்னம்மா தேடுறீங்க என்று மகன் கேட்கிறான். கழுத்து வலிக்கிற இந்த வயதிலும் அது என்னை விடவில்லை.